ஓட்டலில் பியானோ: எதை ஒலிப்பது?

பெரிய ஓட்டலில் நுழைந்ததும் காதில் விழும் பியானோ இசை, கைக்கு வந்ததை ஒலிபரப்புவது அல்ல. அதற்கும் ஒரு கணக்கு உண்டு.

அமெரிக்கரான ரொனால்டு மில்லிமன் ஓர் உணவு விடுதியில் இதைச் சோதித்து, 1986-ல் முடிவை வெளியிட்டார். வேகமான இசை ஒலித்தபோது சராசரி 45 நிமிடத்தில் எழுந்தவர்கள், நிதானமான இசைக்கு 56 நிமிடம் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டுச் செலவு கூடவில்லை. மதுபான பில்தான் ஏறியது! இடத்துக்கு ஆள் காத்திருக்கும் மத்தியானத்தில் விறுவிறுப்பு, இரவில் நிதானம் என்பது இதிலிருந்து தெரிகிறது. நம்மவர் மெஸ்ஸில் இசையே வேண்டாம். அடுத்த பந்திக்காரர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாலே போதும்.

வார்த்தை இல்லாத மெட்டு நல்லது. வார்த்தை வந்தால் காது அதன் பின்னே போய்விடும். திடீரென்று உரக்க எழும் பகுதி ஆகாது. எதிரில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடிந்தால் ஒலி அளவு சரி.

பியானோ பின்னணியில் ஒதுங்கி நிற்காத காலமும் இருந்தது. அமெரிக்கக் கலைஞர் டெடி வெதர்போர்டு 1930-களில் பம்பாய் தாஜ்மகால் ஓட்டலிலும், யுத்த காலத்தில் கல்கத்தா கிராண்ட் ஓட்டலிலும் வாசித்தார். 1945-ல் கல்கத்தாவிலேயே காலராவில் இறந்தார்.

இப்போது பெரும்பாலும் பதிவு செய்த இசைதான். காசு கொடுத்து வாங்கிய பதிவானாலும் ஓட்டலில் ஒலிக்க, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமம் தேவை.

இன்னொன்று. விருந்தாளி ஒரு மணி நேரம் கேட்பதை, சர்வரும் வரவேற்பு மேஜைக் குமாஸ்தாவும் எட்டு மணி நேரம் கேட்கிறார்கள். அதே பத்து மெட்டுகள் சுற்றிச் சுற்றி வந்தால் என்ன ஆவது? பட்டியல் போடும் மானேஜர் அவர்களையும் ஒரு வார்த்தை கேட்கலாம்.