பழைய கம்ப்யூட்டரில் பழைய ரகசியங்கள்!

விற்பவரும் வாங்குபவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் என்ற புகழ்பெற்ற கல்வி நிலையம் இருக்கிறது. அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்ற 2 மாணவர்கள் ஒரு விசித்திரமான காரியத்தில் இறங்கினார்கள்.

பழைய கம்ப்யூட்டர்களில் இருந்து கழற்றி விற்கப்பட்ட 'ஹார்டு டிஸ்க்'குகளை விலைக்கு வாங்கிச் சேர்த்தார்கள். கம்ப்யூட்டரில் எழுதுவது, கணக்குப் போடுவது, படம் சேர்ப்பது எல்லாம் பதிவாகி இருக்கும் பெட்டிதான் ஹார்டு டிஸ்க்.

2000-ம் ஆண்டு முதல் 2002-ம் ஆண்டுக்குள் 158 டிஸ்க்குகள் வாங்கினார்கள். அவற்றில் 129 வேலை செய்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராய்ந்தார்கள்.

திடுக்கிட்டுப் போனார்கள்!

5 ஆயிரத்துக்கு மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் இருந்தன. நோயாளிகளைப் பற்றிய கடிதங்கள் இருந்தன. காதல் கடிதங்களும் இருந்தன! ஒரு டிஸ்க், இல்லினாய் மாநிலத்தில் பணம் கொடுக்கும் ஏ.டி.எம். எந்திரத்தில் இருந்து வந்ததாகத் தெரிந்தது. அதில் வாடிக்கையாளர்களின் கணக்கு எண்கள் அப்படியே இருந்தன.

129 டிஸ்க்குகளில் சரியானபடி துடைத்துச் சுத்தம் செய்யப்பட்டவை எத்தனை தெரியுமா? வெறும் 12 தான்!

இந்த ஆராய்ச்சி 2003-ம் ஆண்டு வெளியாயிற்று. ஆண்டுகள் பல ஓடிவிட்டன. ஆனால் பழைய கம்ப்யூட்டரை விற்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்த எச்சரிக்கை இன்றைக்கும் பொருந்தும்.

அழித்தது எங்கே போயிற்று?

"எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தானே விற்றேன்?" என்று பலர் சொல்வார்கள்.

அங்கேதான் ஏமாற்றம் இருக்கிறது. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் ஒரு பையனுடைய பெயரை அடித்துவிட்டால், பையன் மறைந்துவிடுவானா? கடைசி பெஞ்சில் உட்கார்ந்துதான் இருப்பான்! கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். 'டெலீட்' என்று அழுத்தினால், பெரும்பாலும் பட்டியலில் உள்ள பெயர்தான் போகிறது. அந்த இடத்தில் வேறொன்று பதிவாகும் வரை, பழையது உள்ளேயே கிடக்கும். அதைத் தோண்டி எடுக்கக் கருவிகள் உண்டு.

அப்படியானால் என்ன செய்வது?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'ரீசெட்' என்ற வசதி இருக்கிறது. அதைச் செய்யும்போது, எல்லாவற்றையும் அகற்றுவதோடு டிஸ்க்கையும் துடைத்துவிடும்படி தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்குச் சில மணி நேரம் பிடிக்கலாம். பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கம்ப்யூட்டர் ஓடவே இல்லையா? கடைக்குப் போடும் முன், டிஸ்க்கை மட்டும் கழற்றி வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

பழைய நோட்டை எடைக்குப் போடும்போதுகூட, உள்ளே ரூபாய் நோட்டு இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கிறோம். பாங்கிக் கணக்கும், ஆதார் அட்டையும், குழந்தைகளின் படங்களும் உள்ள டிஸ்க்கைச் சும்மா கொடுத்துவிடலாமா?

வாங்குபவர் கதை

விற்பவர் பாடு இப்படி. வாங்குபவர் பாடு என்ன?

மகள் பிளஸ்-2 முடித்துக் கல்லூரியில் சேருகிறாள். லேப்டாப் வேண்டும் என்கிறாள். புதியது வாங்கக் கையில் பணம் இல்லை. சீட்டுப் பணம் கொஞ்சம் இருக்கிறது. அப்பா பழைய லேப்டாப் விற்கும் கடையைத் தேடிப் போகிறார்.

இது தவறான யோசனை அல்ல. பெரிய கம்பெனிகள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை லேப்டாப்களை மாற்றுகின்றன. பழையவற்றை மொத்தமாகத் தள்ளிவிடுகின்றன. வியாபாரிகள் அவற்றை வாங்கி, தூசு தட்டி, பழுதானதை மாற்றி விற்கிறார்கள். சென்னை ரிச்சி தெரு, டெல்லி நேரு பிளேஸ் போன்ற இடங்களில் இந்த வியாபாரம் நடக்கிறது. நல்லவிதமாகப் பழுது பார்த்த லேப்டாப், மாணவிக்குப் பல ஆண்டு உழைக்கும்.

ஆனால், மேலே பளபளப்பாக இருப்பது உள்ளேயும் நன்றாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பணம் கொடுக்கும் முன் 5 கேள்விகள் கேட்க வேண்டும்.

1. பாட்டரி எவ்வளவு தாங்கும்?

பாட்டரிக்கும் வயது உண்டு. சார்ஜ் ஏற ஏற, இறங்க இறங்க அதன் பலம் குறையும். விண்டோஸ் கம்ப்யூட்டரே 'பாட்டரி ரிப்போர்ட்' ஒன்று எடுத்துக் கொடுக்கும். செய்தபோது பலம் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்ற 2 எண்கள் அதில் இருக்கும். இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதிதான் என்றால், பாட்டரி மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

2. டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது?

மோட்டார் கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்ப்பதுபோல, டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது என்றும் பார்க்கலாம். அந்தக் கணக்கு டிஸ்க்கிலேயே பதிவாகி இருக்கும். கடைக்காரரைக் காட்டச் சொல்லலாம்.

3. விண்டோஸ் 11 ஓடுமா?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கம்பெனி கொடுத்து வந்த வழக்கமான ஆதரவு 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. விலை மலிவாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். 'லினக்ஸ்' என்ற இலவச ஏற்பாட்டைப் போட்டுக்கொண்டால், இத்தகைய கம்ப்யூட்டரும் படிப்புக்கு உதவும். ஆனால், கல்லூரிப் பாடத்துக்கு விண்டோஸ்தான் வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

4. பூட்டு உண்டா?

கம்பெனியில் இருந்து வந்த லேப்டாப் சிலவற்றில் கம்பெனியின் பூட்டு எடுக்கப்படாமலே இருக்கும். கடையில் நன்றாக ஓடும். வீட்டுக்கு வந்து இண்டர்நெட்டில் இணைத்ததும், எந்தக் கம்பெனியின் பெயரோ வந்து நிற்கும்! "பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்கும். ஆகவே, கடையிலேயே இண்டர்நெட்டில் இணைத்துப் பார்த்துவிட வேண்டும்.

5. பில் உண்டா?

லேப்டாப்பின் அடியில் உள்ள வரிசை எண், பில்லில் எழுதப்பட வேண்டும். எத்தனை மாதம் உத்தரவாதம், பாட்டரிக்கும் அது உண்டா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். "ஒன்றும் ஆகாது சார், நான் இருக்கிறேன்!" என்ற வாய் வார்த்தை பின்னால் பேச்சுக்கு உதவாது.

இந்த 5 கேள்விக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் கடைக்காரர், மறு தடவையும் தேடிப் போகத் தகுந்தவர்.

தங்கம் இருக்கிறது! விஷமும் இருக்கிறது!

எத்தனை தடவை பழுது பார்த்தாலும், எந்தக் கம்ப்யூட்டரும் ஒரு நாள் ஓய்ந்துதான் போகும். அப்புறம்?

உலகம் முழுவதும் 2022-ம் ஆண்டில் மட்டும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் உள்ளது அதில் கால் பங்குகூட இல்லை!

இந்தக் குப்பையில் தங்கம் இருக்கிறது. கதை அல்ல, உண்மை! டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக, ஜப்பானியர்கள் பழைய செல்போன், கம்ப்யூட்டர் போன்றவற்றைத் திரட்டிக் கொடுத்தார்கள். 2017 முதல் 2019 வரை இந்த வேலை நடந்தது. அவற்றில் இருந்து சுமார் 32 கிலோ தங்கமும் 3,500 கிலோ வெள்ளியும் கிடைத்தன. 2021-ம் ஆண்டு வீரர்களின் கழுத்தில் தொங்கிய பதக்கங்கள் அப்படிப் பிறந்தவைதான்!

அதே குப்பையில் விஷமும் இருக்கிறது. பழைய டி.வி.யின் கண்ணாடிக் குழாயில் ஈயம் உண்டு. ஈயம் உடலில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சி கெடும். செம்புக்காக ஒயரைக் கொளுத்தினால் நச்சுப் புகை கிளம்பும். தங்கத்துக்காக, பாதுகாப்பு ஏதும் இல்லாமல் கொல்லையில் அமிலத்தில் ஊற வைத்தால், மண்ணும் தண்ணீரும் கெடும். கொளுத்துகிறவரும் அவருடைய பிள்ளைகளும்தான் அந்தப் புகையை முதலில் சுவாசிக்கிறார்கள்.

இதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. இந்திய அரசு 2022-ம் ஆண்டு வகுத்த மின்னணுக் கழிவு விதிகள், 2023-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தன. சாமான்களைத் தயாரிக்கும் கம்பெனிகளுக்கே மறுசுழற்சிப் பொறுப்பு உண்டு. பழுது பார்த்து விற்கும் நிறுவனங்களும், மறுசுழற்சி செய்யும் நிறுவனங்களும் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஆகவே, ஓய்ந்துபோன கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போட அவசரப்பட வேண்டாம். அதைத் தயாரித்த கம்பெனிக்கு டெலிபோன் செய்து, "எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?" என்று கேட்கலாம். உப்பிப்போன பாட்டரியை மட்டும் வீட்டில் யாரும் குத்தவோ, நசுக்கவோ கூடாது. தீப்பிடிக்கும்!