ஊர்ப்பெயர் சொல்லாத வானொலி

இரவு பத்து மணிக்கு மேல் பண்பலை வானொலியைத் திருப்பினால் பழைய திரைப்பாடல்கள் தடையின்றிக் கிடைக்கின்றன. ஒலி தெளிவாக இருக்கிறது, இரைச்சல் இல்லை. ஆனாலும், சிற்றலையின் கரகரப்புக்கு நடுவே இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் அந்தக் களை இப்போது இல்லை என்கிறார்கள். இதை முதுமையின் ஏக்கம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. பாடல்கள் அவையேதான்; பாடியவர்களும் அவர்களே. அப்படியானால் குறைந்துபோனது எது?

விடை தேட சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1952-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரையிசை மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதினார். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகின. நேயர்கள் கொழும்பை நாடினார்கள். 1950-இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தமிழகக் கிராமங்களின் தேநீர்க் கடைகளிலும் திண்ணைகளிலும் ஒலித்தது. இழந்த நேயர்களை மீட்கவே 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கப்பட்டது.

இலங்கை வானொலி வென்றது திரைப்பாடல்களால் மட்டுமன்று. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகிய அறிவிப்பாளர்களின் பெயரும் குரலும் நடிகர்களுக்கு இணையாகத் தமிழகத்தில் அறியப்பட்டிருந்தன. பாடலுக்கு முன் படத்தின் பெயரையும், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களையும் அவர்கள் சொன்னார்கள். அஞ்சலட்டையில் விருப்பம் தெரிவித்த நேயர்களின் பெயர்களை ஊர்ப்பெயரோடு வாசித்தார்கள். வரைபடத்தில் தேடிப் பிடிக்க வேண்டிய சிற்றூர் ஒன்றின் பெயர் கடல் கடந்து ஒலித்துத் திரும்பியது. பாடலைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர், கேட்பவர் ஒருவர் என்னும் உறவு அங்கே இருந்தது. வானொலியின் ஆளுமை என்று நாம் சொல்வது இந்த உறவைத்தான்.

இந்த உறவு அறுந்ததற்கு முதற்காரணம், பாடலைத் தேர்ந்தெடுக்கும் முறை மாறியதாகும். வணிக வானொலி உலகெங்கும் கடைப்பிடிக்கும் வழக்கம் ஒன்றுண்டு. பாடல்களின் சில விநாடித் துணுக்குகளைத் தேர்ந்தெடுத்த நேயர் குழுவுக்குப் போட்டுக் காட்டி மதிப்பெண் வாங்குவார்கள். எவருக்கும் அலுப்பூட்டாத பாடல்கள் பட்டியலில் தங்கும், அறிமுகமில்லாதவை நீங்கும். மிஞ்சும் சில நூறு பாடல்களைக் கணினி சுழற்சி முறையில் அடுக்கும். 1931-இல் 'காளிதாஸ்' வெளிவந்தது முதல் சேர்ந்திருக்கும் தமிழ்த் திரையிசைப் பெருங்களஞ்சியம் இவ்வாறு ஒரு கைப்பிடியாகச் சுருங்குகிறது. அடுத்து என்ன வருமோ என்னும் எதிர்பார்ப்பு போனபின் வானொலியில் பரபரப்புக்கு இடமேது?

இரண்டாவது காரணம் பொருளாதாரம். தனியார் பண்பலைக்கு 1999-இல் கதவு திறந்தபோது ஏலத்தில் கேட்ட தொகையே ஆண்டுதோறும் உயரும் கட்டணமாயிற்று. பல நிறுவனங்கள் தள்ளாடின. 2005-இல் அது மொத்த வருவாயில் 4 விழுக்காடு என்னும் முறைக்கு மாறியது. ஆயினும் சிறு நகரங்களில் விளம்பர வருவாய் மெலிந்தே இருந்தது. அதுவரை சிறு நகர நிலையங்களுக்கு மட்டும், அதுவும் ஒரு மண்டலத்துக்குள் மட்டும் அனுமதிக்கப்பட்டிருந்த கூட்டு ஒலிபரப்பை 2011-ஆம் ஆண்டின் மூன்றாம் கட்டக் கொள்கை விரிவாக்கியது. ஒரு நிறுவனம் தனக்குச் சொந்தமான நிலையங்கள் அனைத்துக்கும் நாடெங்கும் ஒரே நிகழ்ச்சியைத் தரலாம் என்றாயிற்று. நிறுவனத்தின் கணக்கில் இது சரியே. பத்து ஊர்களுக்குப் பத்து அறிவிப்பாளர்கள் வேண்டாம். தலைநகரில் ஒருவர் போதும். ஆனால், அந்த ஒருவருக்குப் பத்து ஊர்களில் எதுவும் சொந்த ஊரன்று.

மூன்றாவது காரணம், விளம்பரதாரர் தேடும் வயது. பழைய பாடல்களின் நேயருக்கு ஆண்டுதோறும் வயது கூடுகிறது. விளம்பரதாரரோ இளையோரையே நாடுகிறார். ஆகவே 'பழைய பாடல்' என்பதன் எல்லை நகர்ந்துகொண்டே வருகிறது. நியூயார்க்கின் புகழ்பெற்ற பழம்பாடல் நிலையமான டபிள்யூ.சி.பி.எஸ். எப்.எம்., 2005 ஜூனில் தன் அறிவிப்பாளர்களை நீக்கிவிட்டு, பாடல்களை மட்டும் கலந்து ஒலிக்கும் நிலையமாக மாறியது. அது எடுபடவில்லை. இரண்டே ஆண்டுகளில், 2007 ஜூலையில், பழைய வடிவத்துக்கே திரும்ப நேர்ந்தது. பாடல்களை மட்டும் தர ஒரு பெட்டி போதுமெனில், அந்தப் பெட்டி நேயரின் கையிலேயே இருக்கிறது; அது விளம்பரமின்றியும் பாடும்.

இது ரசனை பற்றிய புலம்பல் மட்டுமன்று. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் எத்தனை வானொலி நிலையங்களையும் நாடெங்கும் வைத்திருக்கலாம் என்று 1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வழிசெய்தது. வடக்கு டகோட்டாவின் மைனாட் நகரில் இருந்த ஆறு வணிக நிலையங்களும் ஒரே நிறுவனத்தின் கைக்குப் போயின. 2002 ஜனவரி 18 அன்று நள்ளிரவுக்குப் பின் அங்கே சரக்கு ரயில் தடம்புரண்டு அமோனியா நச்சுப்புகை நகரைச் சூழ்ந்தது. எச்சரிக்கை விடுக்க வானொலி நிலையத்தைத் தொடர்புகொள்ள முயன்ற காவல்துறைக்குப் பதில் கிடைக்கவில்லை. அவசர எச்சரிக்கைக் கருவியைக் காவல்துறையே சரிவரப் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் மறுத்தது. தவறு யாருடையதாயினும், ஊர் தவித்த இரவில் ஊரின் வானொலி ஊரைப் பற்றிப் பேசவில்லை.

நமக்கும் இது தொலைவான செய்தியன்று. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் ஓய்ந்துவிடும் அத்தகைய நாளில், பேட்டரியில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டிதான் மிஞ்சும். எந்தப் பாலம் மூழ்கியது, எந்தப் பள்ளியில் முகாம் என்று அதில் சொல்ல, செஞ்சியையும் திண்டிவனத்தையும் அறிந்த ஒருவர் வேண்டும்.

தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி தயாரித்து வழங்க அனுமதியில்லை; அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் ஒலிபரப்பலாம். இந்தத் தடை நீங்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. எனினும், எல்லாப் பழியையும் சட்டத்தின் மேல் போட்டுவிட முடியாது. வானிலை, போக்குவரத்து, குடிநீர், மின்தடை, திருவிழா, தேர்வு முடிவு, இயற்கைப் பேரிடர் ஆகியவை செய்தி என்னும் வகையில் வாரா என்று அதே 2011 கொள்கை விலக்களித்திருக்கிறது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவுதோறும் ஊஞ்சல் உற்சவத்துக்குப் பல மாவட்டங்களிலிருந்து மக்கள் திரளுகிறார்கள். எந்தச் சாலையில் நெரிசல், திரும்பிச் செல்லப் பேருந்து எப்போது என்பதைப் பழைய பாடல்களுக்கு இடையே சொல்ல எந்த விதியும் தடுக்கவில்லை. சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஊர் சார்ந்த வானொலி நமக்குப் புதிதன்று. அகில இந்திய வானொலியின் முதல் உள்ளூர் நிலையம் 1984-இல் நாகர்கோவிலில்தான் அமைந்தது. நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியும் 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பாம்பனில் 'கடல் ஓசை' மீனவர்களுக்காக இயங்குகிறது. 50 விழுக்காடு நிகழ்ச்சிகளேனும் உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்பது சமுதாய வானொலிக்கான நிபந்தனை. வணிக நிலையங்களுக்கு இதில் ஒரு பகுதியையாவது விதித்தால் என்ன? 234 புதிய நகரங்களில் 730 பண்பலை அலைவரிசைகளை ஏலம்விட 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. நாள்தோறும் சில மணி நேரமாவது அந்தந்த ஊரிலிருந்தே நேரலையாக ஒலிபரப்ப வேண்டும் என்று உரிமத்தில் எழுதுவதற்கு இதுவே தருணம்.

பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று இது. மாவட்டத்தை அறிந்த ஓர் அறிவிப்பாளர், பட்டியலுக்கு வெளியே பாடல் தேடும் உரிமை, நேயர் அழைத்தால் எடுக்கும் ஒரு தொலைபேசி ஆகியவை இருந்தால் போதும். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் அன்றைய மணிலா விலையைச் சொல்லிவிட்டு, அவலூர்ப்பேட்டை நேயர் ஒருவர் கேட்ட அரிய பாடலை அவர் ஒலிக்கச் செய்தால் கேட்பதற்கு ஆளிருக்கும். ஆள் கூடும் இடத்துக்கு உள்ளூர்க் கடைக்காரரின் விளம்பரமும் தானே வந்து சேரும்.