நிலைகொள்ளாத மூத்த மகன்

உயர்தர வகுப்பில் உயிரியற் பிரிவிற் சேர்ந்த பிள்ளை, ஓராண்டு கழியுமுன் கலைப் பிரிவுக்கு மாறுகின்றான். பின்னர் கணக்கியலே தனக்கேற்றது என்கின்றான். அதுவும் முடியுமுன் வேறொரு பயிற்சிக்கு விண்ணப்பப் பத்திரம் நிரப்புகின்றான். இத்தகைய பிள்ளையுள்ள வீட்டிற் பெற்றார் படும் கவலை நாம் அறியாததன்று. ‘ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்’ என்று உறவினர் உரைப்பதைக் கேட்டும் கேளாதவர்போல் இருக்க வேண்டியவர்களும் அவர்களே. அவ்வாறு கவலையுற்ற ஒரு குடும்பத்தின் கதையை இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம். அது ஒல்லாந்து தேசத்துக் குடும்பம். கிராமத்துப் போதகர் ஒருவரின் இல்லம். மூத்த மகனின் பெயர் வின்சென்ற் வான் கோ.

சூரியகாந்தி மலர்களை வரைந்த ஓவியர் என்று இன்று உலகம் அறியும் இவர், 27 வயதுவரை ஓவியராகவே இருக்கவில்லை.

1853இற் பிறந்த வின்சென்ற், 16ஆம் வயதில் ஹேக் நகரத்து ஓவிய வணிக நிலையமொன்றில் அமர்ந்தார். கூப்பில் என்ற அந்நிறுவனத்திற் பெரிய தகப்பனார் பங்காளியாயிருந்தார். ஆகவே வேலை எளிதிற் கிடைத்தது. இலண்டனுக்கும் பாரிசுக்கும் மாற்றப்பட்டார். நாளடைவில் மனம் வணிகத்தை விட்டுச் சமயத்திற் சென்றது. நத்தார் காலத்தில், கடையில் வேலை மிகுந்திருந்த வேளையில், அனுமதியின்றி வீட்டுக்குச் சென்றார். 1876இல் வேலை போயிற்று.

பின்பு இங்கிலாந்திற் சம்பளமில்லாத ஆசிரியர். அடுத்த ஆண்டு தோர்ட்ரெக்ற் நகரிற் புத்தகக்கடைச் சிப்பந்தி. அங்கும் நிலைக்கவில்லை. தந்தையைப்போல் தாமும் போதகராவதே வழியென்று துணிந்து, 1877இல் ஆம்ஸ்ரடாமுக்குச் சென்று பல்கலைக்கழகப் பிரவேசப் பரீட்சைக்குப் படிக்கலானார். கடற்படையில் உயர்பதவி வகித்த மற்றொரு பெரிய தகப்பனார் தம் இல்லத்தில் இடமளித்தார். இலத்தீனும் கிரேக்கமும் படிப்பிக்க ஆசிரியர் ஒருவர் அமர்த்தப்பட்டார். குடும்பம் முழுவதுமே ஒருவருக்காகத் தோள்கொடுத்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அவரும் சோம்பியிருக்கவில்லை, படிப்பிற் குறைவைத்த நாட்களில் தம் முதுகைத் தாமே தடியால் அடித்துக்கொண்டதாக அவ்வாசிரியர் பிற்காலத்தில் எழுதியுள்ளார். ஆயினும், ஏழைகளுக்கு ஆறுதல் சொல்லக் கிரேக்க இலக்கணம் எதற்கு என்ற வினா அவரை விடவில்லை. இலக்கணத்தோடு மல்லாடிய மாணவர் எவரும் அவர்மீது இரக்கங்கொள்வர். 1878இல் அப்படிப்பும் கைவிடப்பட்டது.

பெல்ஜியத்தின் பொரினாஜ் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் ஆறு மாதங்களுக்குச் சமய ஊழியராக நியமனம் பெற்றார். நல்ல உடைகளைத் தானமாகக் கொடுத்துவிட்டுக் குடிசையிற் படுத்தார். காயமுற்ற தொழிலாளரைப் பராமரித்தார். பிரசங்கம் போதாது என்று கூறி, மேலிடத்தார் 1879இல் நியமனத்தைப் புதுப்பிக்க மறுத்தனர்.

அவ்வாண்டு தம்பி தியோ அவரைக் காணச் சென்றார். தியோ 15ஆம் வயதில் அதே கூப்பில் நிறுவனத்திற் சேர்ந்து, அங்கேயே உயர்ந்துவந்த பொறுப்புள்ள பிள்ளை. கடிதத் தலைப்பு செதுக்கும் வேலை, கணக்கெழுதல், தச்சுத்தொழில் என அண்ணனுக்குப் பல வழிகளை எடுத்துரைத்தார். சகோதரி ஒருத்தியோ ரொட்டி சுடும் தொழிலைச் சிபார்சு செய்தாள். நோயைவிட மருந்தே கொடியது என்னும் கருத்தில் வின்சென்ற் பதில் எழுதினார். அதன்பின் ஏறக்குறைய ஓராண்டு சகோதரரிடையே கடிதம் நின்றது. தந்தையாரோ, மகனை மனநோயாளர் வாழும் கீல் என்ற ஊருக்கு அனுப்பவும் எண்ணினார்.

1880 ஜூனில் மௌனம் கலைந்தது. தியோ அனுப்பிய 50 பிராங்கைப் பெற்ற வின்சென்ற் நீண்டதொரு கடிதம் எழுதினார். சோம்பேறிகள் இருவகையினர் என்பது அதன் சாரம். ஒருவன் முயற்சியின்மையாற் சோம்பியிருப்பவன். மற்றவன் செயலாற்றும் ஆவலால் உள்ளே வெந்தும், கூட்டிலடைபட்ட பறவைபோல் ஒன்றும் செய்ய இயலாதவன். பார்ப்பவர் கண்ணுக்கு இருவரும் ஒருவரே.

இவ்விடத்திலேதான் பெற்றாரின் சங்கடம் அமைந்துள்ளது. மாறும் பிள்ளைகள் யாவரும் வான் கோக்கள் என்று நாம் சொல்ல வரவில்லை, பெரும்பாலோர் அல்லர். ஆயின், எத்தனை முறை மாறினான் என்று எண்ணும் நாம், மாறாதிருந்தது யாது என்று நோக்குவதில்லை. வின்சென்ற் தங்கிய அறைகளின் சுவர்களில் அச்சுப்படங்கள் ஒட்டப்பட்டிருந்தன. வீட்டுக்கு வந்த கடிதங்களிற் சிறு சித்திரங்கள் இருந்தன. அவற்றை வீட்டார் யாவரும் கண்டனர்.

சித்திரமே தொழிலென்று முடிவாயிற்று. வரைதலைப் பயில அவர் நாடிய பாடநூல் கூப்பில் நிறுவனம் வெளியிட்டது. அதனை அனுப்பி உதவியவர் ஹேக் நகரில் அவருக்கு மேலாளராயிருந்தவர். விட்டுவந்த முதல் வேலை இவ்வாறு கைகொடுத்தது.

செலவைத் தியோ ஏற்றார். இறுதிவரை மாதந்தோறும் பணம் சென்றது. ஒரு துறையை விட்டு அசையாத தம்பியின் சம்பளத்திலேயே அண்ணனின் வாழ்வு நடந்தது. இதனைச் சிலர் மறந்துவிடுகின்றனர். அப்பணத்தை உதவியாகக் கருதாது, தாம் அனுப்பும் படங்களுக்கான விலையாகக் கொள்ளும்படி 1884இல் வின்சென்ற் கேட்டுக்கொண்டார். தம்பியும் இசைந்தார். 1890இல் வின்சென்ற் 37 வயதில் இறந்தபோது, அப்படங்கள் பாரிசில் தியோவின் வீட்டுச் சுவர்களை நிறைத்து, கட்டிலின் கீழும் அலுமாரியின் கீழும் குவிந்து கிடந்தன.