மாண்ட்கோமரி சகோதரர்கள்

மாண்ட்கோமரி சகோதரர்கள் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரைச் சேர்ந்த ஜாஸ் இசைக்கலைஞர்கள். மூவரில் மூத்தவரான மாங்க் (1921–1982) பாஸ் வாசித்தார். அடுத்தவர் வெஸ் (1923–1968) கிதார் வாசித்தார். இளையவர் பட்டி (1930–2009) பியானோவும் வைப்ரஃபோனும் வாசித்தார். தத்தம் வாத்தியத்தின் வழக்கமான முறையை மாங்கும் வெஸ்ஸும் ஆளுக்கொரு விதத்தில் மீறியவர்கள்.

வெஸ்ஸுக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே கற்றார். கிதார் கலைஞர்கள் பொதுவாகத் தந்தியை மீட்டப் பயன்படுத்தும் ‘பிக்’ என்னும் சிறு தகட்டை விட்டுவிட்டுக் கட்டைவிரலால் மீட்டினார். இரவில் வீட்டில் பயிற்சி செய்யும்போது சத்தம் அடங்கியிருக்க வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய பழக்கம் அது என்பார்கள். காரணம் எதுவானாலும், விரலின் சதை பட்டு எழும் அந்த உருண்ட, இருண்ட ஒலி வேறு எவரிடமும் கேட்காதது. ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயிகளில் சேர்த்து மீட்டி முழு மெட்டையும் நகர்த்திச் செல்வது அவருடைய தனி முத்திரை.

மாங்க் செய்தது இன்னும் துணிச்சலானது. ஜாஸில் பாஸ் என்றால் ஆளுயர மரவாத்தியமான டபுள் பாஸ்தான். லியோ ஃபெண்டர் 1951-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்பாஸ், கிதார் போலத் தோளில் மாட்டிக்கொள்வது. ஸ்வர இடங்களைக் காட்டும் கட்டைகள் கொண்டது. லயனல் ஹாம்ப்டனின் குழுவில் சேர்ந்தபோது மாங்கின் கைக்கு அது வந்தது. டபுள் பாஸைப் பெருமையாக நினைத்தவருக்கு முதலில் கூச்சமாகவே இருந்தது. ஆனால் இரண்டுக்கும் சுருதி அமைப்பு ஒன்றே. தந்தியின் நீளமும் விரல்கள் விழும் இடைவெளியும்தான் வேறு. அவற்றைப் பழகிக்கொண்டு, மின்பாஸை ஜாஸ் மேடையில் நிலைநிறுத்திய முதல் சிலரில் ஒருவரானார்.

இந்த இரண்டு ஒலிகளும் சேரும்போது ஒரு சிக்கல் உண்டு. கிதாரின் கீழ்த்தந்திகளும் பாஸின் மேல்ஸ்வரங்களும் ஒரே வட்டாரத்தில் உலவுபவை. கவனம் தப்பினால் இரண்டும் குழம்பிவிடும். வெஸ்ஸின் ஒலியோ ஏற்கெனவே கனத்தது. மின்பாஸில் ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவாக நிற்பது இங்கே கைகொடுக்கிறது. தாளத்துக்கு ஓர் அடி வீதம் மாங்க் நடந்துகொண்டே இருக்க, அந்த நடையின்மேல் வெஸ் முதலில் ஒற்றை ஸ்வரங்கள், பிறகு இரட்டை ஸ்தாயி, கடைசியில் நிறைந்த கார்டுகள் எனப் படிப்படியாக ஏறுவார். 1957 டிசம்பரில் இண்டியானாபோலிஸில் நடந்த பசிஃபிக் ஜாஸ் ஒலிப்பதிவில் இருவரையும் சேர்த்துக் கேட்கலாம். பின்னாளில் பெரும் புகழ்பெற்ற ட்ரம்பெட் கலைஞர் ஃபிரெடி ஹப்பர்டின் முதல் ஒலிப்பதிவும் அதுதான்.

1959-இல் கேனன்பால் ஆடர்லி வெஸ்ஸின் வாசிப்பைக் கேட்டு வியந்து ரிவர்சைட் நிறுவனத்திடம் சொன்ன பிறகு, வெஸ்ஸின் பெயர் தனியாக உயர்ந்தது. மூவரும் ஒரே குழுவாக இயங்கிய காலம் குறுகியது. 1961-இல் வெளிவந்த ‘குரூவ் யார்ட்’ அக்காலத்தின் நல்ல தட்டு. தம்பியின் புகழுக்குப் பின்னால் மாங்கின் முன்னோடிப் பங்கு மறைந்துபோனது நியாயமல்ல.

வெஸ் 45 வயதில் மாரடைப்பால் காலமானார். அதற்கு மறு ஆண்டு, 1969-இல், மாங்க் தம் பெயரில் வெளியிட்ட இசைத்தட்டின் தலைப்பு ‘இட்ஸ் நெவர் டூ லேட்’. பிறகு லாஸ் வேகஸில் குடியேறி, 1975-இல் அங்கே ஒரு ஜாஸ் சங்கத்தை நிறுவினார்.