மந்திரத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

சிங்கப்பூரில் படிக்கும் மகன் விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வருகிறான். பையைத் திறந்தால் இருபது முகம் கொண்ட பகடைகள். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினால், ‘தீப்பந்து மந்திரம்’, ‘மாயமாய் மறையும் மந்திரம்’ என்று வரிசையாக எழுதியிருக்கிறது. பெற்ற வயிறு பகீரென்கிறது. பையன் பில்லி சூனியத்தில் இறங்கிவிட்டானோ?

இல்லை அம்மா, கவலை வேண்டாம். அது ஒரு விளையாட்டு. ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்று பெயர். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்டார்கள். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லும் ஆட்டம் அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம்: போர்வீரன், திருடன், மந்திரவாதி என்று. “கதவை உடைக்கிறேன்” என்று வீரன் சொன்னால், உடைந்ததா இல்லையா என்று பகடை சொல்லும். எண்பதுகளில் அமெரிக்கத் தாய்மார் சிலரும் உங்களைப் போலவே பயந்தார்கள். 1983இல் ஒரு தாயார் இந்த ஆட்டத்தை எதிர்க்கச் சங்கமே வைத்தார்!

ஆடுகிறவர்களுக்குள் நடக்கும் சண்டையோ வேறு. கதையில் மந்திரம் எவ்வளவு இருக்கலாம் என்பதுதான் அது. சின்ன விஷயமென்று நினைக்காதீர்கள். மந்திரவாதி ஒரு சொல்லால் பூட்டைத் திறந்துவிட்டால் திருடன் எதற்கு? பறந்தே ஆற்றைக் கடந்துவிட்டால் படகு தேடுவானேன்? ஒருவன் ஆட, மூவர் கொட்டாவி விட வேண்டியதுதான்.

முதலில் வந்த புத்தகங்களில் கட்டுப்பாடு கடுமை. புது மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒரே மந்திரம். சொன்னதும் அது நினைவிலிருந்து போய்விடும். மறுபடி உருப்போட வேண்டும். ஜாக் வான்ஸ் என்ற கதாசிரியரிடமிருந்து எடுத்த யோசனை இது. இப்போதைய பதிப்புகளில் சில்லறை மந்திரங்களை எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏவலாம். எனக்குப் பழைய கணக்குத்தான் பிடிக்கிறது. நம் பாரதக் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அப்படித்தானே தோன்றும்?

சிங்கையில் தீபாவளிக்கு முன் தீமிதி நடக்கும். சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து பக்தர்கள் புறப்பட்டு, சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு நடந்து வந்து பூக்குழி இறங்குவார்கள். பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படுவது அன்றைய நெருப்பு மட்டும். ஆனால் அதற்குச் சில மாதங்கள் முன்பே அங்கே பாரதக் கதை தொடங்கிவிடுகிறது. திரௌபதி கல்யாணம், அரவான் களப்பலி என்று ஒவ்வொன்றாக நடக்கும். தோட்டத்தில் விடிய விடிய அருச்சுனன் தபசு பார்த்த பெரியவர்களுக்கு இது புதிதல்ல.

அந்தக் கதையில் மாயத்துக்குப் பஞ்சமா என்ன? அம்பு நெருப்பைக் கக்குகிறது; அரக்கன் ஆகாயத்தில் நின்று போர் செய்கிறான். இருந்தும் நமக்குச் சலிக்கவில்லை. ஏனென்றால், அதில் எதுவும் இனாமாகக் கிடைப்பதில்லை. கர்ணனை எண்ணிப் பாருங்கள். உடம்போடு பிறந்த கவசத்தையும் குண்டலத்தையும் அறுத்துக் கொடுத்து இந்திரனிடம் சக்தி ஆயுதம் வாங்கினான். யார் மேல் எறிந்தாலும் பிழைக்க மாட்டார்கள். ஆனால் ஒரே ஒரு தடவைதான். அருச்சுனனுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தான். பதினான்காம் நாள் இரவு கடோற்கசன் கௌரவர் சேனையைத் துவம்சம் செய்கிறான். “எறி, எறி!” என்று எல்லாரும் கதறுகிறார்கள். எறிந்தான், கடோற்கசன் விழுந்தான். அருச்சுனன் தப்பினான்! கண்ணனுக்கு அதில் எத்தனை மகிழ்ச்சி! பின்னால் தேர்ச்சக்கரம் மண்ணில் புதைந்தபோது, பரசுராமரின் சாபத்தால் பிரமாஸ்திர மந்திரமும் கர்ணனுக்கு மறந்து போயிற்று.

இதை அப்படியே மேசைக்குக் கொண்டு வாருங்கள். ஆடுகிற ஒருவனுக்கு அப்படியோர் ஆயுதத்தைக் கொடுத்து, “ஒரு தடவைதான்” என்று சொல்லிவிடுங்கள். பாலத்தில் ஓர் அரக்கன் மறிக்கிறான். தோழன் சாகக் கிடக்கிறான். எறிவதா, கோட்டைக்குள் இருக்கும் பெரிய பகைவனுக்கு வைத்துக்கொள்வதா? மேசையே இரண்டாகப் பிரிந்து கத்தும். அதே ஆயுதத்தை அளவில்லாமல் கொடுத்துப் பாருங்கள். மூன்று வீச்சில் ஆட்டம் முடிந்து, எல்லாரும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஒன்று, விலை என்ன என்பதைப் பகடை உருளுமுன் சொல்லிவிட வேண்டும். உருண்ட பிறகு சொன்னால் அது கள்ள ஆட்டம்.

புத்தகமும் பகடையும் விலை அதிகம். அது இல்லாமலும் வீட்டில் ஆடலாம். ஆறு புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்துக்கொள்ளுங்கள். கதவை உடைக்க, மரம் ஏற, மூன்று வெள்ளை விழுந்தால் போதும். மந்திரம் பலிக்க ஐந்தாவது விழ வேண்டும் என்று வையுங்கள். ஏறக்குறைய ஒன்பது தடவைக்கு ஒரு தடவைதான் அப்படி விழும்.