சாயத்துக்கு அடியில் ஒரு மின்கலம்



உங்கள் வீட்டுக் காரின் கதவுக்கு அடியில், விளிம்பு ஓரமாக விரலை மெல்ல ஓட்டிப் பாருங்கள். எங்காவது சாயம் சிறு கொப்புளம் போல மேலெழும்பியிருக்கிறதா? இருந்தால், அதற்குள் ஒரு மின்கலம் வேலை செய்துகொண்டிருக்கிறது. அது விளக்கை எரிய வைக்காது, இரும்பைத் தின்னும்.

இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் எனக்கு உண்மையில் புரிய வைத்தது, கமுந்திங்கில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் ஒரு பழைய மோரிஸ் மைனர். தோட்டத்துக் கிராணியார் ஒருவரிடமிருந்து அப்பா வாங்கிய கார் அது. அப்பா ஓட்டுவதை நிறுத்திய பிறகு பல ஆண்டுகள் ரம்புத்தான் மரத்தடியில் சும்மா கிடந்தது. "ஒரு தடவை தைப்பிங் ஏரிப் பூங்காவைச் சுற்றி வரணும்மா" என்று மட்டும் அப்பா கேட்டார்.

பயிற்சிக் கல்லூரி விடுமுறையில் நான் வேலையில் இறங்கினேன். மணல்தாளால் துருவைத் தேய்த்தேன், மேலே சாயம் பூசினேன். கார் பளபளத்தது. அடுத்த ஆண்டே அதே இடங்களில் கொப்புளங்கள் வந்தன. ஒரு நாள் டயரைக் கழற்ற ஜேக் போட்டேன். கார் எழவில்லை, ஜேக் மட்டும் தகட்டைப் பொத்துக்கொண்டு உள்ளே ஏறியது. வெளியே நல்ல சாயம் இருந்தது. உள்ளே இரும்பு இல்லை.

துரு ஒரு கறை அன்று

துருவைச் சட்டையில் பட்ட கறை போல நினைத்ததுதான் என் தவறு. கறை மேலே ஒட்டியிருப்பது. துருவோ அந்த இரும்பே மாறிப்போன வடிவம்.

இரும்பின் மேல் ஒரு நீர்த்துளியைக் கற்பனை செய்யுங்கள். துளியின் ஓரத்தில் காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதாகக் கரையும். நடுவில் குறைவாகவே இருக்கும். நடுவில் உள்ள இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு, அயனியாகி நீரில் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் இரும்பின் வழியாகவே ஓரத்துக்கு ஓடுகின்றன. அங்கே ஆக்சிஜனும் நீரும் அவற்றை ஏற்று ஹைட்ராக்சைடு அயனிகளாகின்றன. இரு வகை அயனிகளும் சேர்ந்து, மேலும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, பழுப்பு நிறத் துருவாகின்றன. எலக்ட்ரான் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஓடினால் அது மின்னோட்டம். ஆகவே அந்தத் துளி ஒரு மின்கலம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆக்சிஜன் குறைவான இடத்தில்தான் இரும்பு அதிகமாக அரிக்கப்படுகிறது. அதனால்தான் திறந்த வெளியில் உள்ள தகட்டைவிட, சாயத்துக்கு அடியிலும் இரண்டு தகடுகள் சேரும் இடுக்கிலும் சேதம் ஆழமாகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும். சாயம் கொப்புளிப்பது அதனால்தான்.

எங்கள் ஊரில் இந்த மின்கலத்துக்குத் தண்ணீர்ப் பஞ்சமே கிடையாது. பக்கத்திலுள்ள தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தீபகற்ப மலேசியாவில் மிக அதிக மழை பெறும் நகரம் அது.

உடலே எலும்பு

1948ஆம் ஆண்டு லண்டன் கார் கண்காட்சியில் மோரிஸ் மைனர் அறிமுகமானது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரி வண்டி மிகவும் ஒடுங்கியிருப்பதாகக் கருதி அதை நெடுக இரண்டாக வெட்டச் சொன்னார். பாதிகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, 4 அங்குலம் அகலப்படுத்தினார். மைனரின் பானட் நடுவில் தட்டையாக ஓடும் பட்டை அந்த 4 அங்குலத்தின் அடையாளம். பிறகு 16 லட்சத்துக்கும் மேற்பட்ட மைனர்கள் உருவாயின.

லாரிகளைப் போல மைனருக்கு அடியில் தனியான கனத்த சட்டம் கிடையாது. வளைத்து ஒட்டிய தகடுகள் ஒன்றையொன்று தாங்குகின்றன, உடலே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே ஓடும் உள்ளீடற்ற பெட்டி போன்ற பகுதி அதன் முதுகெலும்பு மாதிரி. அதற்குள் நீர் தேங்கித் துருப்பிடித்தால், விபத்து நேரத்தில் மட்டுமல்ல, ஒரு பள்ளத்தில் இறங்கினாலே கார் மடங்கக்கூடும். நான் சாயம் பூசி மறைத்தது அந்த இடத்தைத்தான். அப்பாவை அதில் ஏற்றிப் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

எனவே இரண்டாம் முறை மணல்தாளுக்கு முன் திருப்புளியைக் கையில் எடுத்தேன். குத்திப் பார்த்து, உள்ளே இறங்கிய இடங்களைக் குறித்தேன். போன இரும்பு திரும்பாது. அந்தத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்க வேண்டும். அந்த வேலையை வெல்டிங் தெரிந்த ஒருவரிடம் ஒப்படைத்தேன். உயிரைத் தாங்கும் இடத்தில் கற்றுக்குட்டி வேலை கூடாது.

மாறிப்போன இரண்டு கம்பிகள்

கீல், பிடி போன்ற சிறு பாகங்களில் இரும்பு கெட்டியாகவே இருந்தது. அவற்றின் துருவை மின்சாரத்தாலேயே கழற்றலாம். சலவைச் சோடா கரைத்த நீரில் பாகத்தைத் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையோடு இணைக்க வேண்டும். நேர்முனையில் ஒரு பழைய இரும்புத் துண்டு. எலக்ட்ரான்கள் பாகத்துக்கு வந்து சேரும்; அதன் மேல் ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பித் துருவைத் தளர்த்தும்; துருவில் ஒரு பகுதி கறுப்பாக மாறும். நேர்முனையில் உள்ள பழைய துண்டு எலக்ட்ரான்களை இழந்து அரிக்கப்படும்.

பழைய மைனரில் பேட்டரியின் நேர்முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய கார்களுக்கு நேர்மாறு. அந்தப் பழக்கத்தில் என் கை பானட்டின் கீலை நேர்முனையில் மாட்டிவிட்டது. காலையில் பார்த்தால் பழைய துண்டு பத்திரமாக இருந்தது. கீல் மெலிந்து, குழி குழியாகக் கிடந்தது. அப்பா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பிள்ளைங்களுக்கும் இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறியா?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. எலக்ட்ரானை இழப்பது எதுவோ, அது அழியும். எலக்ட்ரானைப் பெறுவது எதுவோ, அது பிழைக்கும்.

துத்தநாகமும் ஈயமும்

இதே விதி காரைக் காக்கவும் உதவும். துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலக்ட்ரானை இழக்கும். துத்தநாகம் கலந்த அடிச்சாயத்தைப் பூசினால், பின்னால் ஒரு கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும்.

கமுந்திங்கின் பழைய பெயர் கிளியான் பாரு. புதிய சுரங்கம் என்று பொருள். இங்கே தோண்டியது ஈயம், அதாவது வெள்ளீயம். உணவு டின்களின் உள்ளே பூசுவது அதைத்தான். பூச்சு முழுதாக இருக்கும்வரை அது நல்ல காவல்காரன். ஆனால் ஈயம் இரும்பைவிடக் குறைவாகவே எலக்ட்ரானை இழக்கும். அதனால் பூச்சில் கீறல் விழுந்தால் இரும்பு இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். நசுங்கிய, கீறிய டின்னை ஏன் வாங்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படிவம் 5 வேதியியலில் ஓர் ஆணியில் துத்தநாகத் துண்டையும் இன்னோர் ஆணியில் ஈயத் துண்டையும் சுற்றிச் சோதனை செய்வீர்கள். ஈயம் சுற்றிய ஆணியைச் சுற்றி அடர்நீலம் தோன்றும். இரும்பு கரைகிறது என்று அர்த்தம். அந்தச் சோதனைக் குழாய்க்குள் இருப்பது எங்கள் காரின் கதவுதான்.

ஓர் எச்சரிக்கை. இந்த மின்பகுப்பு வேலையை வீட்டில் தனியாகச் செய்யாதீர்கள். ஹைட்ரஜன் ஒரு சிறு பொறியில் வெடிக்கும். நேர்முனையில் துருப்பிடிக்காத எஃகை வைத்தால் நச்சுத்தன்மையுள்ள குரோமியம் நீரில் கலக்கும். பழைய சாயத்தில் காரீயமும், பழைய பிரேக்கில் கல்நாரும் இருக்கலாம்; அந்தத் தூசியைச் சுவாசிக்கக் கூடாது.

ஐந்து நிமிட வேலை

இப்போது எங்கள் மைனருக்குப் புதுத் தகடுகள், துத்தநாக அடிச்சாயம், பெட்டிப் பகுதிகளுக்குள் மெழுகுப் பூச்சு எல்லாம் உண்டு. இவற்றில் பல 1948இல் இல்லை. "அசல் போய்விட்டதே" என்று சிலர் சொன்னார்கள். வண்டியின் முகத்தையும் இயந்திரத்தையும் நிறத்தையும் நான் தொடவில்லை. ஆளைக் காக்கும் இடத்தில் மட்டும் மாற்றினேன்.

போன மாதம் அப்பாவை ஏற்றிக்கொண்டு ஏரிப் பூங்காவைச் சுற்றி வந்தேன். பாதி வழியில் வழக்கம்போல மழை. வீட்டுக்கு வந்ததும் துணியை எடுத்துத் துடைக்கவில்லை. குனிந்து, கதவுகளுக்கும் பெட்டிப் பகுதிக்கும் அடியிலுள்ள வடிகால் துளைகளைப் பார்த்தேன். நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

உங்கள் வீட்டுக் கார்க் கதவுகளின் அடியிலும் அப்படிச் சிறு துளைகள் இருக்கும். இலையும் மண்ணும் அவற்றை அடைத்தால், கதவுக்குள்ளேயே ஒரு குளம் உருவாகும். இந்த வார இறுதியில் அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லிவிட்டு, ஒரு மெல்லிய குச்சியால் அவற்றைச் சுத்தம் செய்யுங்கள். தண்ணீர் வெளியேறிவிட்டால் மின்கலம் நின்றுவிடும்.