வீட்டுக்குள் சிக்னல் இல்லையா? பூஸ்டர் வாங்கும் முன் ரவுட்டரைப் பாருங்கள்

மொட்டை மாடியில் நின்றால் செல்போனில் நான்கு கோடு காட்டுகிறது. படியிறங்கி அடுப்படிக்கு வந்தால் ஒன்றுகூட இல்லை. நம் ஊர்களின் பழைய வீடுகளில் சுவர்கள் தடிமனானவை, சந்துகள் குறுகியவை. புது வீடுகளில் கம்பி கட்டிய கான்கிரீட். இரண்டுமே டவரிலிருந்து வரும் அலையைத் தடுத்துவிடுகின்றன.

வாட்ஸ்அப் இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். ஆனால் அமீரகத்தில் வாட்ஸ்அப் மூலம் பேச அனுமதி இல்லை. அங்கிருந்து வாப்பாவோ மகனோ அழைத்தால் பல நேரம் அது சாதாரண அழைப்பாகத்தான் வரும். வங்கியின் ஓடிபியும் அப்படியே. இரவில் வீட்டில் தனியாக இருக்கும் உம்மாவுக்கு நெஞ்சு வலி என்றால் 108-ஐ அழைக்க மாடிப்படி ஏற முடியுமா?

இந்த நிலையில் பலரும் தேடுவது 'சிக்னல் பூஸ்டர்'. மாடியில் ஓர் ஆன்டெனா, உள்ளே ஒரு பெட்டி என்று ஆன்லைனிலும் கடைகளிலும் விற்கிறார்கள். தயவுசெய்து இதை வாங்காதீர்கள். இந்தியாவில் தனிநபர் இதை உரிமம் இன்றி வைத்திருப்பதே சட்டவிரோதம். 2022-இல் மத்திய தொலைத்தொடர்புத் துறை இதை வெளிப்படையாகவே எச்சரித்தது. சட்டம் ஒருபுறம் இருக்க, தரமற்ற பூஸ்டர் சிக்னலோடு சேர்த்து இரைச்சலையும் பெருக்கி டவருக்கு அனுப்புகிறது. நம் வீட்டில் கோடு ஏறும். பக்கத்து வீட்டாரின் அழைப்பு பாதியில் அறுந்துபோகும்.

ரவுட்டரில் இணைக்கும் இன்னொரு வகைக் கருவியும் உண்டு. அதன் பெயர் ஃபெம்டோசெல். வீட்டு இணையத்தின் வழியே ஒரு குட்டி டவராக வேலை செய்யும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தொலைபேசி நிறுவனங்களே இதை வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தன. அங்குள்ள நம் உறவினர்கள் யாராவது பழைய பெட்டி வேலை செய்யவில்லை என்றால், முதலில் அது 3ஜி பெட்டியா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஏடி&டி நிறுவனம் 2022 பிப்ரவரியில் 3ஜியை மூடியபோது அதன் மைக்ரோசெல் பெட்டிகளும் பயனற்றுப் போயின. 4ஜி பெட்டி என்றால் அதை ஜன்னலோரம் வையுங்கள். இந்தப் பெட்டிகளில் பல, தாம் இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் மூலம் உறுதி செய்த பிறகே இயங்கும். அலமாரிக்குள் வைத்தால் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும்.

நமக்கு அந்தப் பெட்டியும் தேவையில்லை. அதே வேலையை இன்றைய ஸ்மார்ட்போன் 'வைஃபை காலிங்' மூலம் தானே செய்துவிடும். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. தனிக் கட்டணம் இல்லை, தனிச் செயலியும் வேண்டாம். அதே எண்ணில், அதே டயலரில் பேசலாம். போன் அமைப்பில் 'வைஃபை காலிங்' என்பதை ஆன் செய்தால் போதும். பட்டன் போன்களில் பெரும்பாலும் இந்த வசதி கிடையாது.

ஆன் செய்தும் வரவில்லை என்றால்? ஏரோப்ளேன் மோடைப் போட்டு, வைஃபையை மட்டும் ஆன் செய்து, இரண்டு நிமிடம் பொறுத்து யாரையாவது அழைத்துப் பாருங்கள். அழைப்பு போனால் சிம், ரவுட்டர், இணையம் மூன்றும் சரி. கோளாறு வேறு: வீட்டுக்குள் கிடைக்கும் அந்த ஒற்றைக் கோட்டைப் போன் விடாமல் பிடித்துக்கொண்டு, வைஃபைக்கு மாற மறுக்கிறது. சில போன்களில் 'வைஃபைக்கு முன்னுரிமை' என்ற தேர்வு இருக்கும், அதை வையுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும்போது ஏரோப்ளேன் மோடிலேயே விட்டுவிடலாம். வெளியே போகும்போது எடுக்க மறக்கக் கூடாது.

அழைப்பு போகவில்லை என்றால் மாடிக்குச் சென்று வேறொரு போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, அதே சோதனையைச் செய்யுங்கள். அங்கும் போகாவிட்டால் கோளாறு போனிலோ சிம்மிலோ இருக்கிறது. போனுக்கு அப்டேட் கொடுத்துப் பாருங்கள், பிறகு சிம் நிறுவனத்திடம் கேளுங்கள். அங்கே போய், வீட்டு வைஃபையில் மட்டும் போகவில்லை என்றால் ரவுட்டர்தான் காரணம். இந்தச் சோதனையைச் செய்யாமல் புது ரவுட்டர் வாங்கிக் காசைக் கரைப்பவர்கள் பலர்.

ரவுட்டரில் என்ன பார்ப்பது? போன் தன் நிறுவனத்தோடு ஒரு பூட்டிய குழாய் போன்ற பாதையை இணையத்தில் அமைத்துக்கொள்கிறது. அதற்கு யுடிபி 500, 4500 ஆகிய இரண்டு போர்ட்டுகள் வெளியே செல்லத் திறந்திருக்க வேண்டும். ரவுட்டரின் ஃபயர்வால் 'ஹை' என்றிருந்தால் 'மீடியம்' ஆக்குங்கள். 'ஐபிசெக் பாஸ்த்ரூ' இருந்தால் ஆன் செய்யுங்கள். போனில் விபிஎன் செயலியோ, பிள்ளைகளுக்காகப் போட்ட வடிகட்டிச் செயலியோ இருந்தால் சற்று நேரம் நிறுத்திப் பாருங்கள். சில வேளை அவையும் குறுக்கே நிற்கும்.

ஃபைபர் நிறுவனம் கொடுத்த பெட்டியோடு நாமாக வாங்கிய இரண்டாவது ரவுட்டரையும் இணைத்திருந்தால், போனை நேராக முதல் பெட்டியின் வைஃபையில் இணையுங்கள். வேலை செய்கிறதா? அப்படியானால் இரண்டாவதை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். கேபிள்காரரே செய்து தருவார்.

"நாங்கள் பேசினால் போகிறது, அவர்கள் அழைத்தால் மணி அடிப்பதில்லை" என்பது இன்னொரு புகார். திரை அணைந்ததும் பேட்டரி சேமிப்புக்காகப் போன் வைஃபையைத் துண்டித்திருக்கலாம். அந்தச் சேமிப்பு முறையை நிறுத்துங்கள். அப்படியும் தீராவிட்டால், சும்மா இருக்கும் இணைப்பை ரவுட்டர் மறந்துவிடுகிறது என்று பொருள். பழைய ரவுட்டர்களில் இது உண்டு. புதிது வாங்க நியாயமான காரணம் இது ஒன்றுதான்.

குரல் விட்டுவிட்டு வந்தால் வேகமான பிளானுக்கு மாறத் தேவையில்லை. ஓர் அழைப்புக்கு 100 கேபிபிஎஸ் அளவே போதும். முன்கூடத்து ரவுட்டரின் அலை பின்கட்டு அறைவரை எட்டவில்லை என்பதே காரணம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர் தாண்டுவதில் பலவீனமானது. பின்னறைப் போன்களை 2.4-இல் இணையுங்கள். அல்லது ரவுட்டரை வீட்டின் நடுவே உயரமான இடத்துக்கு நகர்த்துங்கள்.

மின்சாரம் போனால் ரவுட்டரும் போகும், அதோடு அழைப்பும் போகும். ரவுட்டருக்கென்றே சிறிய யுபிஎஸ் கிடைக்கிறது. அடாப்டரில் 12 வோல்ட் என்று இருக்கிறதா, எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்குமே பேட்டரி வேண்டும். வைஃபை வழியே அவசர எண்ணை அழைக்கும்போது நாம் இருக்கும் இடம் அவர்களுக்குச் சரியாகத் தெரியாமல் போகலாம். தெருப் பெயர், கதவு எண், அருகிலுள்ள பள்ளிவாசல் ஆகியவற்றை எழுதிப் போன் வைக்கும் இடத்துச் சுவரில் ஒட்டி வைத்து, எடுத்த எடுப்பில் அதையே சொல்லுமாறு வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.